மூன்றாம் வரிசை, பதினான்காம் நாற்காலி

ஏழு நொடி. இதை முதலில் மனதில் குறித்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். ஒரு தொலைக்காட்சி விருது விழாவின் நேரலையில், ஒரு மனிதரின் முகம் திரை முழுக்க ஏழு நொடி நின்றது. அவர் நடிகர் இல்லை. நடிகருக்கு உறவும் இல்லை. லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தாறு. காலி நாற்காலியில் உட்காருவதற்காக வந்தவர்.

காலி நாற்காலியில் உட்காருவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பீர்கள். வேலைதான். விருது விழாவில் பிரபலங்கள் நாலு மணி நேரம் அசையாமல் உட்கார மாட்டார்கள். ஒருவர் கை கழுவப் போவார், ஒருவர் போன் பேசப் போவார், ஒருவர் தனக்கு விருது இல்லை என்று தெரிந்ததும் வீட்டுக்கே போய்விடுவார். அந்த நேரம் பார்த்து கேமரா திரும்பினால் அரங்கம் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். அதனால் சுவரோரம் இருபது பேர் நல்ல உடுப்பில் தயாராக நிற்பார்கள். நாற்காலி காலியானதும் குனிந்தபடி ஓடிப் போய் உட்கார வேண்டும். கேமராவைப் பார்க்கக் கூடாது. பக்கத்து ஆளிடம் பேசக் கூடாது. மற்றவர்கள் கை தட்டிய பிறகுதான் தட்ட வேண்டும். நாற்காலிக்கு உரியவர் வந்தால் சத்தமில்லாமல் எழுந்துவிட வேண்டும்.

இந்த இருபது பேரையும் மேய்க்கிறவர் ஓர் அம்மாள். கையில் எப்போதும் வாக்கி-டாக்கி இருப்பதால் வாக்கியம்மா. அந்தத் தொலைக்காட்சிக் கட்டடத்தின் லிஃப்டும் நம் மெக்கானிக் பார்க்கிறதுதான். ஒரு நாள் வாக்கியம்மா நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டார். இவர்தான் கதவை நெம்பி வெளியே இழுத்தார். வெளியே வந்ததும் நன்றி சொல்லவில்லை அந்த அம்மாள். இவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கோட்டு இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு மேடம். அக்கா பொண்ணு கல்யாணத்துக்குத் தைச்சது."

"கருப்பா?"

"கருப்புதான்."

"அப்ப சனிக்கிழமை வாங்க."

அன்றிலிருந்து அவர் பெயர் கோட்டுக்காரர். ஐந்து வருடம், பதினோரு விழா. ஒரு தடவையாவது முகம் தெரிந்ததா என்றால் இல்லை. முதுகு தெரிந்திருக்கிறது, காது தெரிந்திருக்கிறது. "உன் காது நல்லா நடிச்சிருக்குய்யா" என்பார் எக்ஸ்ரேக்காரர்.

எக்ஸ்ரேக்காரர் யார் என்று சொல்ல வேண்டும். அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிறவர். கோட்டுக்காரரைவிட மூன்று வயது மூத்தவர். இதுவும் லிஃப்டில் ஆரம்பித்த கதைதான். மருத்துவமனை லிஃப்ட் ஒரு மதியம் நின்றுவிட்டது. உள்ளே இவர் தனியாக. பிரேக் சுருள் எரிந்துபோயிருந்தது. மெக்கானிக் மேலே மெஷின் ரூமில் இருந்து குரல் கொடுத்தார்.

"பயப்படாதீங்க சார், இன்னும் பத்து நிமிஷம்."

"பயமெல்லாம் இல்ல. பசிக்குது."

பத்து நிமிடம் ஐம்பது நிமிடமானது. ஐம்பது நிமிடமும் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். பேச்சு நிற்கவே இல்லை. வருடம் பன்னிரண்டு ஆகிறது. ஒரே வீட்டில், மாடியில், இரண்டு அறை. வெளியே இரண்டு பேரும் "சார்". வீட்டுக்குள் இரண்டு பேரும் "யோவ்". கேட்டவர்களிடம் "ரூம்மேட்" என்றார்கள். கீழே குடியிருக்கும் வீட்டுக்காரம்மா அரைக் கிழவர்கள் இரண்டு பேரையும் "பசங்க" என்பார். அதுவும் வசதியாக இருந்தது.

கோட்டுக்காரர் ரொம்பவும் கவனமான ஆள். கொடியில் துணி காயப்போட்டால்கூட இவர் சட்டை ஒரு முனை, அவர் சட்டை மறுமுனை. நடுவில் போர்வை. தினமும் சண்டை வருவது இந்தக் கொடியில்தான்.

அந்த ஏழு நொடி நடந்த வருடம் டிவியில் ஒரு தொடர் ஓடியது. அதில் கதாநாயகியின் மைத்துனர் ஆணை விரும்புகிற ஆண். தொடர்களில் அதுவரை இப்படிப்பட்டவர் வந்தால் இடுப்பை வளைத்துக்கொண்டு வருவார், ஆர்மோனியம் மாதிரி குரல் கொடுப்பார், பின்னால் சிரிப்புச் சத்தம் போடுவார்கள். இந்த மைத்துனருக்குச் சிரிப்புச் சத்தம் இல்லை. அதற்குப் பதில் அழுகை. இருநூறு அத்தியாயமும் அழுதார். கோட்டுக்காரர் ஒரு நாள் விடாமல் பார்த்தார். எக்ஸ்ரேக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை.

"எதுக்குய்யா இவன் எப்பப் பாரு அழறான்? நாம என்ன தினம் அழறோமா? போர்வைய எங்க போடறதுன்னுதான் அடிச்சுக்கறோம். அத எவனாவது காட்டறானா?"

"காட்டினா யாரு பாப்பாங்க?"

"நான் பாப்பேன்யா."

அந்த மைத்துனராக நடித்தவருக்குத்தான் விருது. விருதின் பெயர் "துணிச்சலான கதாபாத்திரம்". துணிச்சல் கதாபாத்திரத்துக்கா, நடிகருக்கா, கொடுத்தவர்களுக்கா என்று யாரும் விளக்கவில்லை.

விழா அன்று நடந்தது இது. கேமராக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கை வரைபடம் உண்டு. விருது வாங்குகிறவர் "என் மனைவிக்கு நன்றி" என்றதும் கேமரா மனைவிக்குப் போக வேண்டும்; அதற்காகக் கட்டத்துக்குள் அவரவர் புகைப்படம் ஒட்டியிருக்கும். மூன்றாம் வரிசை, பதினான்காம் நாற்காலிக் கட்டத்தில் மட்டும் புகைப்படம் இல்லை. "நடிகரின் துணை" என்று பேனாவில் எழுதியிருந்தது. பத்து வருடமாக அந்தத் துணையை யாரும் படம் எடுத்ததே கிடையாது. முகம் தெரியாத ஆளுக்கு நாற்காலி எண்தான் முகம்.

நடிகர் பெயரைக் கூப்பிடுவதற்குக் கொஞ்சம் முன்னால் பதினான்காம் நாற்காலி எழுந்து வெளியே போனது. வாக்கியம்மா கையைக் காட்டினார். கோட்டுக்காரர் குனிந்து ஓடி உட்கார்ந்தார். அது யாருடைய நாற்காலி என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்கிற வழக்கமும் இல்லை.

நடிகர் மேடைக்குப் போனார். எல்லோருக்கும் நன்றி சொன்னார். அப்புறம் நிறுத்தினார். "இந்த விருது பத்து வருஷமா என்கூட ஒரே வீட்ல இருக்கற மனுஷனுக்கு. ரூம்மேட்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. அவர்தான் என் துணை. அதோ, அங்கதான் உக்காந்திருக்கார்" என்றார்.

கோட்டுக்காரருக்குக் கண் தன்னால் நிறைந்து வழிந்தது. கேமராவைப் பார்க்கக் கூடாது என்ற விதி மறந்து நேராக அதையே பார்த்தார். அதன் மேலே, படம் நேரலையில் போகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஏழு நொடி.

மறுநாள் காலை முதல் போன் அக்காவிடமிருந்து. ஒரே அக்கா. அம்மா அப்பா போன பிறகு இவருக்கு எல்லாமே அவர்தான். பன்னிரண்டு வருடமாக எவருக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று போர்வையைக் குறுக்கே போட்டாரோ, அந்த அக்கா. கோட்டுக்காரர் போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுப்பதா வேண்டாமா என்று நின்றார். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி. "அது நான் இல்லை" என்று சொன்னால் பொய். "அது நான்தான்" என்று சொன்னால் அதுவும் பொய்.

எடுத்தார்.

"டேய், உனக்கு வெக்கமா இல்ல?"

"அக்கா, நான் சொல்றதக் கேளு…"

"என்னத்தக் கேக்கறது? ஊரே பாத்துச்சு. டிவில வந்து அந்த நடிகனுக்காகக் கண்ணு கலங்கறியே, அந்த எக்ஸ்ரே தம்பிக்கு என்ன பதில் சொல்லப் போற?"

கோட்டுக்காரர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். "எக்ஸ்ரே தம்பிக்கா?"

"ஆமாடா. உனக்கு டைபாய்டு வந்தப்ப பத்து நாள் லீவு போட்டு யாருடா பாத்தா? நடிகனா வந்து பாத்தான்? நல்ல மனுஷன ஏமாத்தினா நீ உருப்படவே மாட்ட. போன அவர்கிட்ட குடு."

"அக்கா, உனக்கு… எப்ப இருந்து தெரியும்?"

"என்ன எப்ப இருந்து? முழுப் பூசணிக்காய சோத்துல மறைச்சுட்டு, யாருக்கும் தெரியாதுன்னு நீயா நினைச்சுக்கிட்ட. நீ சொல்லல, நான் கேக்கல. குடுடா போன!"

எக்ஸ்ரேக்காரர் போனை வாங்கி, நாற்காலி, விழா, வரைபடம் என்று எல்லாவற்றையும் விளக்கினார். அக்கா நம்பவே இல்லை. "நீங்க நல்லவரு தம்பி, அதான் அவன விட்டுக் குடுக்காம பேசறீங்க" என்று அழுதார்.

கீழே போனால் அங்கேயும் அதே கதை. வீட்டுக்காரம்மா கோட்டுக்காரரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். எக்ஸ்ரேக்காரருக்கு மட்டும் ஒரு டம்ளர் டீ கொடுத்தார். "மனசத் தேத்திக்கோப்பா" என்றார்.

மாடிக்குத் திரும்பி இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

"யோவ், இவங்களுக்கெல்லாம் தெரியுமாய்யா?" என்றார் கோட்டுக்காரர்.

"அப்படித்தான் போல."

"அப்ப நாம இத்தன வருஷம் யாருகிட்டேருந்து ஒளிஞ்சோம்?"

எக்ஸ்ரேக்காரர் டீயைக் குடித்துக்கொண்டே யோசித்தார். "எனக்கும் வெளங்கலய்யா. போர்வைய இனிமே ஓரமா போடலாம்னு மட்டும் தோணுது."

ஆனால் வீடு வேறு, வேலை வேறு. லிஃப்ட் கம்பெனியில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். கெட்டவர் இல்லை. தலைவலிக்கு மாத்திரை தேடுகிறவர் மாதிரி மேசை இழுப்பறையைத் திறந்து மூடிக்கொண்டே பேசினார்.

"உங்க கையில நாப்பத்தோரு கட்டடம் இருக்கு. குடியிருப்போர் சங்கச் செயலாளருங்க போன் பண்றாங்க. இந்த ஆளு எங்க வீட்டுப் பக்கம் வரவேணாம்னு ரெண்டு பேரு சொல்லிட்டாங்க."

"நான் லிஃப்டுக்குள்ளதான சார் வேல பாக்கறேன். வீட்டுக்குள்ள போறதே இல்லயே."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்கு யாரு சொல்றது? நீங்க அந்த டிவிக்காரங்ககிட்ட சொல்லி ஒரு மறுப்பு குடுத்துடுங்க. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். எத்தன கட்டடம் உங்கள வேணாம்னு எழுதிக் குடுக்குதுன்னு எண்ணுவேன். பாதிக்கு மேல போச்சுன்னா என்னால உங்கள வெச்சுக்க முடியாது. புரிஞ்சுக்கங்க."

இருபத்திரண்டு வருட வேலை. பதினெட்டு வயதில் லிஃப்ட் குழிக்குள் இறங்கித் தண்ணீர் இறைத்ததில் ஆரம்பித்து, ரோப்பைத் தொட்டே தேய்மானம் சொல்கிற இடத்துக்கு வர பத்து வருடம் ஆனது. நடுவில் ஆறு வருடம் வேறு கம்பெனியில் இருந்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. அது மொத்தமும் இப்போது ஒரு மறுப்பில் தொங்கியது.

மறுப்பு கேட்க அவர் போகவே வேண்டியிருக்கவில்லை. தொலைக்காட்சியே அவரைத் தேடியது. நடிகர் கொதித்துப்போயிருந்தார். பத்து வருடம் மறைத்து ஒரு வழியாக வாய் திறந்தால், நாடு முழுக்க வேறொரு ஆளைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறது. உடனே திருத்தம் போட வேண்டும் என்றார்.

மறுப்பு சொல்லக் கிளம்பும் அன்று காலை எக்ஸ்ரேக்காரர் கோட்டை இஸ்திரி போட்டுக் கொடுத்தார். "என்ன கேக்கறாங்களோ சொல்லிட்டு வந்துடு. வயித்துப் பொழப்பு" என்றார். சொன்னவர் ஒரே கையை நாலு தடவை இஸ்திரி போட்டார். துணி கருகாமல் தப்பியது அதிர்ஷ்டம்.

ஒளிப்பதிவு அறைக்கு வெளியே ஒரு பெஞ்சு. அதில் கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கோட்டுக்காரரைப் பார்த்ததும் எழுந்தார்.

"நீங்கதான என் நாற்காலியில உக்காந்தது?"

அசல் ஆள். தொழில் பல் டாக்டராம். கோட்டுக்காரர் கையைக் கூப்பினார். "மன்னிச்சுக்கங்க டாக்டர். நீங்க எழுந்து போனீங்க, அதான்…"

"பயந்துதான் போனேன். பேச்ச வீட்லயே சொல்லிக் காட்டினாரு. கேமரா என் பக்கம் திரும்பும்னு தெரியும். கக்கூஸ்ல போய் தாழ் போட்டுக்கிட்டேன்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப அது எனக்குக் கெடைக்கலையேன்னு கோவமா வருது. என்ன மனுஷன் பாருங்க நான். ஆமா, எப்படி இருந்துச்சு?"

"எது டாக்டர்?"

"அந்த ஏழு நொடி."

கோட்டுக்காரர் நிஜமாகவே யோசித்தார். "சூடா இருந்துச்சு. லைட்டு நேரா மூஞ்சில அடிச்சுது."

"அழுதீங்களே?"

"ஆமா."

"எங்களுக்காகவா?"

"தெரியல டாக்டர். ரூம்மேட்னு சொன்னாரு பாருங்க, அங்க புடிச்சுது."

டாக்டர் மறுபடி உட்கார்ந்து, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். கூப்பிடும் வரை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

உள்ளே தயாரிப்பு பார்க்கிற பெண் ஒரு தாளை நீட்டினார். மூன்று வரி. அந்த நடிகருக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, காலி நாற்காலியில் உட்கார வந்த லிஃப்ட் மெக்கானிக் நான். இது முதல் வரி. நான் குடும்பஸ்தன். இது இரண்டாவது. நான் அந்த மாதிரி ஆள் கிடையாது. இது மூன்றாவது.

விளக்கு எரிந்தது. முதல் வரியைச் சொன்னார். இரண்டாவதைச் சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

"இன்னும் ஒரு வரி இருக்கு சார்."

"அது வேணாம்மா."

"ஏன் சார்? மறந்துட்டீங்களா? கேமராவுக்குப் பின்னாடி பெருசா எழுதி வெக்கட்டா?"

"மறக்கல. மொத வரி உண்ம. ரெண்டாவதும் உண்ம. அதோட விட்டுடுங்க."

அந்தப் பெண்ணுக்குக் குழப்பம். "குடும்பஸ்தன்னா மூணாவதும் உண்மதான சார்?"

"இல்லம்மா."

கேமராக்காரர் கண்ணை எடுத்து நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெண் தாளைப் பார்த்தார், கோட்டுக்காரரைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

"அப்ப… நாங்க காட்டினது சரியா, தப்பா?" என்றார் மெதுவாக.

"ஆளு தப்பு. அது நிச்சயம்." கோட்டுக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "மத்தது எனக்கே கொழப்பமா இருக்கும்மா. வேல போயிடும்னு சொல்றாங்க. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன். வாய் வரல. எங்க வீட்ல ஒருத்தர் இந்தக் கோட்ட இஸ்திரி போட்டுக் குடுத்திருக்காரு. இதப் போட்டுக்கிட்டு அத எப்படிச் சொல்றது?"

அந்தப் பெண் பேனாவை எடுத்து மூன்றாவது வரியை அடித்தார்.

இரண்டு வரி மட்டும் மறுநாள் ஒளிபரப்பானது. கீழே டாக்டரும் நடிகரும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்று. அவர்களே எடுத்துக் கொடுத்தது. எக்ஸ்ரேக்காரர் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தார்.

"குடும்பஸ்தன்னு அடிச்சு விட்டியேய்யா. யாரு அந்தக் குடும்பம்? எனக்குத் தெரிஞ்சவங்களா?"

"ஒரு ஆளு. போர்வை விஷயத்துல ரொம்ப மோசம்."

எக்ஸ்ரேக்காரர் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் கேட்டார்: "அந்தக் கடைசி வரிய எங்க காணோம்? எழுதியிருந்ததாச் சொன்னியே?"

"சொல்லல."

"ஏன்?"

"தெரியலய்யா."

எக்ஸ்ரேக்காரர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து முகம் கழுவினார். அவசியமே இல்லாமல் ரொம்ப நேரம் கழுவினார்.

அந்த மாதம் முழுக்க கோட்டுக்காரர் கட்டடம் கட்டடமாகப் போனார். மறுப்பு கேட்டு அமைதியானவர்கள் உண்டா, மறுப்பில் என்ன இல்லை என்று கவனித்தவர்கள் உண்டா, அவருக்குத் தெரியவில்லை. ஒரு செயலாளர் கையைக் குலுக்கினார். எதற்கு என்று சொல்லவில்லை. ஒரு கட்டடத்தில் இவர் லிஃப்டுக்குள் இருந்ததைப் பார்த்துவிட்டு ஒருவர் படியேறிப் போனார். எட்டு மாடி. உடம்புக்கு நல்லது என்று ஏறினாரா, வேறு காரணமா? மூன்று நாள் அதையே யோசித்தார். ஒரு பெரியவர் மட்டும், "உங்க எக்ஸ்ரே சார் சௌக்கியமா?" என்றார். அவருக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை விளங்கவில்லை.

மாதக் கடைசியில் சூப்பர்வைசர் கோப்பைத் திறந்தார். வந்த கடிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார். கோட்டுக்காரர் நின்றுகொண்டே கூட எண்ணினார். இவரை இனி அனுப்ப வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கட்டடம்: நாற்பத்தொன்றில் ஆறு.